மைதானத்திலிருந்து வெளியே வரையுங்கள்: விளையாட்டு வளாகம் வடிவமைக்க ஒரு முழு வழிகாட்டி

"ஸ்டேடியம் ஒண்ணு கட்டணும் சார். முகப்பு ஏர்போர்ட் மாதிரி இருக்கணும்." இந்தத் தொழிலில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பித்தன. மீதிப் பாதி, "பத்தாயிரம் பேர் உட்காரணும்" என்று ஆரம்பித்தவை. என்ன விளையாட்டு, யார் விளையாடுவார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முதல் பேச்சிலேயே சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

வீடு, மண்டபம், மருத்துவமனை எல்லாம் செய்து பழகிய சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்கும், இந்தத் துறைக்குள் வர நினைக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன். அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியம் போல 1,32,000 பேர் உட்காரும் அரங்கம் நம் மேசைக்கு வராது. அதற்குப் பாப்புலஸ் மாதிரி உலகம் முழுக்க ஸ்டேடியங்களையே முதன்மையாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்கு வருவது கல்லூரி மைதானம், மாவட்ட விளையாட்டு அரங்கம், 400 மீட்டர் சிந்தெடிக் டிராக் (செயற்கைப் பரப்பு போட்ட ஓடுபாதை), ஒரு உள்விளையாட்டு அரங்கு. ஆகவே அதை வைத்தே சொல்கிறேன். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மைதானத்தில் ஆரம்பித்து வெளியே வரைந்துகொண்டு வர வேண்டும். முகப்பு கடைசி.

படி 1: வேலை எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டில் வாடிக்கையாளர்கள் நான்கு வகை. ஒன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாநகராட்சிகள், பொதுப்பணித் துறை. இரண்டு, பொறியியல் கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகள். மூன்று, பெரிய பள்ளிகள். நான்கு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' முதலாளிகள்.

அரசு வேலைக்கு அனுபவச் சான்று கேட்பார்கள். அனுபவம் இல்லாமல் வேலை வராது, வேலை இல்லாமல் அனுபவம் வராது. இந்தச் சிக்கலை உடைக்க இரண்டு வழி. பெரிய ஆலோசனை நிறுவனத்தோடு துணை ஆலோசகராகச் சேருவது ஒன்று. ஒரு பள்ளியின் பேட்மிண்டன் அரங்கையோ கூடைப்பந்து மைதானத்தையோ எடுத்து ஒழுங்காக முடிப்பது இன்னொன்று. நான் இரண்டாவது வழியில் வந்தவன். டர்ஃப் வேலையில் சீக்கிரம் பணம் வரும், ஆனால் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. வலை, கம்பம், விளக்கு, செயற்கைப் புல் அவ்வளவுதான். அந்தப் புல் மதிய வெயிலில் கால் வைக்க முடியாத அளவு சுடும் என்பதை மட்டும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

"எத்தனை இருக்கை?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "வருஷத்தில் எத்தனை நாள் அந்த இருக்கை நிறையும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நாள், விளையாட்டு விழா. மற்ற 364 நாளும் காலை ஐந்தரைக்கு ஓட வரும் பிள்ளைகள், நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், மாலையில் உடற்கல்வி ஆசிரியர். அவர்களுக்குத்தான் நீங்கள் வடிவமைக்கிறீர்கள்.

இதைக் கேட்காமல் விட்ட ஊர்கள் உலகம் முழுக்க உண்டு. 1976 ஒலிம்பிக்குக்கு மான்ட்ரியல் கட்டிய ஸ்டேடியத்தின் கடன் 2006-ல்தான் அடைந்தது. அதற்குள் முப்பது வருஷம் போய்விட்டது. லண்டனில் கேட்டார்கள், ஆனால் பதில் நடுவில் மாறியது. 2012 ஒலிம்பிக் ஸ்டேடியத்தை 80,000 இருக்கையோடு கட்டி, போட்டி முடிந்ததும் மேல் அடுக்கைக் கழற்றி 25,000 ஆக்கிவிடுவது என்றுதான் திட்டம். அப்புறம் அது கால்பந்து அரங்கமாக மாற வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்துக்கு மட்டும் 32 கோடி பவுண்டுக்கு மேல் போனது.

வாடிக்கையாளர் பதிலையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என்ன விளையாட்டுகள், எந்த மட்டத்துப் போட்டி, தினமும் எத்தனை பேர், பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவார்கள், மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும். கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் வராவிட்டால் இயற்கைப் புல் பேச்சையே எடுக்காதீர்கள்.

படி 3: நிலம்

எட்டு லேன் கொண்ட 400 மீட்டர் டிராக்கின் வெளி அளவு 176.91 மீட்டர் நீளம், 92.52 மீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு ஏக்கர். இது வெறும் டிராக்கின் செவ்வகம் மட்டும். 110 மீட்டர் தடை ஓட்டத்துக்கு நேர்ப்பாதை பின்னால் 3 மீட்டர், முன்னால் ஓடி நிற்க 17 மீட்டர் என்று மொத்தம் 130 மீட்டர் வேண்டும். அது செவ்வகத்தின் நேர்ப்பகுதியைத் தாண்டி நீளும். சுற்றிலும் வேலி, வடிகால், கேலரி, வண்டி நிறுத்தம் எல்லாம் சேர்ந்தால் எட்டு, பத்து ஏக்கர் ஆகிவிடும். "ஐந்து ஏக்கர் இருக்கு, டிராக்கும் போட்டு, கிரிக்கெட்டும் வச்சு, ஹாஸ்டலும் கட்டிடலாம்" என்பவரிடம் அன்றே ஸ்கெட்ச் போட்டுக் காட்டிவிடுவது நல்லது.

நீள அச்சு வடக்கு தெற்காக இருக்க வேண்டும். வட-வடகிழக்கு, வட-வடமேற்கு வரை சற்றுத் திரும்பலாம், அதற்கு மேல் வேண்டாம். கிழக்கு மேற்காகப் போட்டால் மாலைச் சூரியன் கோல்கீப்பர் கண்ணிலும், ஈட்டி எறிபவர் கண்ணிலும் நேராக அடிக்கும். முதன்மைக் கேலரி மேற்கே. மூன்று மணிக்கு மேல் பார்வையாளருக்கு வெயில் முதுகுப்பக்கம் போய்விடும்.

மண் பரிசோதனைக்குச் செலவு செய்யத் தயங்குவார்கள், விடாதீர்கள். விருதுநகர், தூத்துக்குடி பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் நேரடியாகத் தார் போட்டால், மூன்றாவது வருஷம் டிராக்கின் நடுவில் விரல் நுழையும் அளவு பிளவு விழும். கரிசலைத் தேவையான ஆழத்துக்கு எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்ப வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்த வேண்டும். டெல்டாப் பகுதியில் பிரச்சினை வேறு: நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே மைதான மட்டத்தைச் சுற்றுச் சாலையைவிட உயர்த்தாமல் எதுவும் செய்ய முடியாது. மண் அடிக்கும் செலவு மட்டுமே சில வேலைகளில் டிராக் விலையை நெருங்கும்.

படி 4: ஆடுகளம்

இங்கே நிதானமாக இருங்கள். கட்டடத்தில் இரண்டு சென்டிமீட்டர் தவறினால் பூச்சில் சரிசெய்யலாம். டிராக்கில் தவறினால், அங்கே ஓடிய நேரம் எதுவும் சாதனையாகச் செல்லாது.

உலகத் தடகள அமைப்பின் நிலையான டிராக்கில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒவ்வொரு நேர்ப்பாதையும் 84.39 மீட்டர், லேன் அகலம் 1.22 மீட்டர். இதைக் கணக்குப் போட்டால் 398.12 மீட்டர்தான் வரும். அப்போ 400 எங்கே? முதல் லேனில் நீளத்தை அளப்பது உள்விளிம்புக் கர்ப்பிலிருந்து (டிராக்கின் உள்ஓரத்தில் வரும் தாழ்வான வரம்பு) 30 சென்டிமீட்டர் வெளியே. அதாவது 36.80 மீட்டர் ஆரத்தில். ஓடுகிறவர் கர்ப்பை உரசிக்கொண்டு ஓட மாட்டார் என்பதால் இந்த ஏற்பாடு. மற்ற லேன்களுக்கு உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர்.

ஒரு கல்லூரியில், ஏற்கெனவே வேறு யாரோ அமைத்த டிராக்கை அளக்கக் கூப்பிட்டார்கள். வரைந்தவர் கர்ப் கோட்டையே 400 மீட்டராக வைத்துவிட்டார். பிள்ளைகள் ஓடியது 401.88 மீட்டர். "நம்ம பசங்க எப்பவும் ரெண்டு விநாடி முந்துவாங்க, வெளியில போனா!" என்று அவர்களின் பயிற்சியாளர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முழு ரெண்டு விநாடி அதில் வராது, ஆனால் காரணம் இதுதான் என்று விளக்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த 30 சென்டிமீட்டர் தெரிந்தால் லேன் தொடக்கக் கோடுகளும் புரியும். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் லேன் 7.04 மீட்டர் முன்னால் தொடங்கும், மூன்றாவது 14.70. முதல் இடைவெளி 7.04, அடுத்தது 7.66. ஏன் வித்தியாசம் என்று உங்கள் அலுவலக இளைஞரிடம் கேளுங்கள். 30-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லிவிட்டால் அவரை நம்பி வேலையைக் கொடுக்கலாம்.

டிராக்கின் நடுவில் கால்பந்து மைதானம் வேண்டும் என்பார்கள். 105க்கு 68 மீட்டர் உள்ளே பொருந்தும், ஆனால் மட்டுமட்டாக. நான்கு மூலைகளும் வளைவுக்குள் நீண்டு, கர்ப்புக்கும் கார்னர் கொடிக்கும் நடுவே 97 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஓடி வந்து வழுக்கும் ஆட்டக்காரர் சிந்தெடிக்கில் உரசுவார். பள்ளி, கல்லூரி மட்டத்தில் நான் 100க்கு 64 என்று சுருக்கிவிடுவேன். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

எறிதல், தாண்டுதல் இடங்களை மிச்சம் இருக்கும் மூலைகளில் திணிப்பது வழக்கமான தவறு. நீளம் தாண்டுதலுக்கு ஓடுபாதை குறைந்தது 40 மீட்டர். குண்டு எறியும் வட்டம் 2.135 மீட்டர் விட்டம், வட்டு எறிதலுக்கு 2.50 மீட்டர். விழும் பகுதியின் கோணம் 34.92 டிகிரி. வட்டு, சங்கிலிக் குண்டு எறியும் கூண்டை முதலில் நிறுத்தி, அது பறக்கும் திசையில் யார் நிற்பார்கள் என்று பாருங்கள். மாலையில் நடைப்பயிற்சி செய்பவர்கள் அந்தப் பக்கம் வருவார்கள் என்றால் கூண்டை எதிர்முனைக்கு மாற்றுங்கள்.

எல்லா விளையாட்டுக்கும் விதிப்புத்தகம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்றே ஓர் அரங்கம் திறந்தார்கள். சர்வதேச அமைப்பு ஏதும் அதற்கு அளவு நிர்ணயித்துத் தரவில்லை. வாடிவாசலிலிருந்து பாயும் காளை எந்த வழியாக ஓடி எங்கே நிற்கும் என்பதுதான் அங்கே ஆடுகளம். வகுப்பெடுக்கப் போனால் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி அதுதான்: ஒரு காளையின் பாதையை வரைந்துவிட்டு, மனிதனை அப்புறம் வையுங்கள்.

படி 5: தண்ணீர், அடித்தளம், மேற்பரப்பு

ஒரு டிராக்கும் அதன் உள்மைதானமும் சேர்ந்து ஏறக்குறைய 14,500 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வது நம் கடலோரத்தில் அதிசயமில்லை. அன்றைக்கு உங்கள் ஓவலுக்குள் விழும் தண்ணீர் 14.5 லட்சம் லிட்டர். அது எந்தக் குழாய் வழியாக, எந்த வாய்க்காலுக்கு, என்ன மட்டத்தில் போகும்? வாய்க்கால் மட்டம் உங்கள் வடிகாலைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் திரும்பி வரும். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து வெளி வாய்க்கால்வரை மட்டம் எடுக்காமல் வரைபடம் அனுப்பாதீர்கள்.

டிராக்கின் குறுக்குச் சரிவு உள்நோக்கி 100-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. ஓடும் திசையில் இறக்கம் 1000-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. எட்டு லேன் அகலத்துக்கும் சேர்த்து மொத்தச் சரிவு பத்து சென்டிமீட்டருக்குள். கான்ட்ராக்டர் "கொஞ்சம் கூட்டி வச்சா தண்ணி வேகமா ஓடும்" என்பார். ஓடும், ஆனால் உலகத் தடகள அமைப்பின் சான்றிதழ் வராது. தண்ணீர் எல்லாம் உள்விளிம்பில் சேரும் என்பதால் முதன்மை வடிகால் கர்ப்பை ஒட்டி வரும். உள்மைதானத்துத் தண்ணீரும் அதற்குள்ளேயே வந்து விழும்படி வைத்தால் ஒரே வடிகால் போதும். அதன் மூடியைப் பிரித்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். சிமென்ட் வைத்துப் பூசிவிட்ட மூடிகளை நான் உளி வைத்து உடைத்திருக்கிறேன்.

அடுக்குகள் கீழிருந்து மேலே: இறுக்கிய மண், ஜி.எஸ்.பி. (கல்லும் கிராவலும் கலந்த அடி அடுக்கு), வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து இறுக்கிய ஜல்லி), இரண்டு அடுக்குத் தார், அதன் மேல் சிந்தெடிக். தார் மேற்பரப்பு முடிந்ததும் 4 மீட்டர் நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, 1 மீட்டர் கோலில் 3 மில்லிமீட்டர். சாலை போடும் ஆட்களுக்கு இந்தத் துல்லியம் பழக்கமில்லை. அவர்கள் மேல் தவறில்லை, சாலைக்கு அது தேவையில்லை. சென்சார் வைத்த பேவர் (தார் பரப்பும் இயந்திரம்) வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

சிந்தெடிக் பரப்பு பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் தடிமன். ஈட்டி ஓடுபாதையின் கடைசி எட்டு மீட்டர், உயரம் தாண்டுதலில் காலூன்றும் இடம் போன்றவற்றில் 20 மில்லிமீட்டர், ஸ்டீபிள்சேஸ் (தடையும் நீர்க்குழியும் தாண்டி ஓடும் நெடும் ஓட்டம்) நீர்க்குழியில் 25. விலைக்கேற்ப வகைகள் உண்டு. ஸ்ப்ரே கோட் (ரப்பர் அடுக்கின் மேல் மெல்லியதாகத் தெளிப்பது) மலிவு, தண்ணீரை உள்ளே விடும், ஆணிக் காலணியில் சீக்கிரம் தேயும். சாண்ட்விச் (ரப்பர் அடுக்கின் மேல் பாலியூரித்தேன் ஊற்றுவது) நடுத்தரம். முழு பாலியூரித்தேன், தொழிற்சாலையிலேயே செய்து சுருளாக வரும் ரப்பர் இரண்டும் மேல்தட்டு. மாவட்டப் போட்டி நடத்தும் கல்லூரிக்கு நான் சாண்ட்விச்சைத்தான் சொல்வேன். எதுவானாலும் தார் போட்டதும் இரண்டு மூன்று வாரமாவது ஆறவிட வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாலியூரித்தேன் ஊற்ற அனுமதிக்காதீர்கள். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள் என்பதற்காக நவம்பரில் ஊற்றிய ஒரு டிராக்கில் அப்பளம் மாதிரிக் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: கேலரி

சின்ன வளாகம் என்றால் கான்கிரீட்டுக்கு முன்னால் மண்ணை யோசியுங்கள். மைதானம் சமன்செய்யும்போது வெட்டிய மண்ணை மேற்கே மேடாக்கி, படிக்கல் பதித்து, பின்னால் புங்கையும் வேம்பும் வைத்தால் ஐந்து வருஷத்தில் நிழலோடு கேலரி தயார். மரம் டிராக்கை ஒட்டி வேண்டாம். வேர் தாரைத் தூக்கிவிடும்.

கான்கிரீட் கேலரிதான் என்றால் கற்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று, 'சி-வேல்யூ'. பின்வரிசைக்காரரின் பார்வைக் கோடு முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதுதான் அது. 120 மில்லிமீட்டர் நல்லது, 90 பரவாயில்லை, 60 என்றால் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். சூத்திரம்:

சி = தூரம் × (கண் உயரம் + படி உயரம்) ÷ (தூரம் + படி அகலம்) − கண் உயரம்

தூரமும் கண் உயரமும் முன்வரிசைக்காரரின் கண்ணிலிருந்து கவனப் புள்ளிவரை, அதாவது மைதானத்தில் பார்வையாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் குறிக்கும் இடம்வரை. ஓர் உதாரணம்: தூரம் 20 மீட்டர், கண் உயரம் 4 மீட்டர், படி உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 80. விடை 135 மில்லிமீட்டர், அருமை. அதே படியையே 15 வரிசை மேலே கொண்டுபோங்கள். தூரம் 32, கண் உயரம் 8.5. இப்போது விடை 85 மில்லிமீட்டர். 120-க்குக் கொண்டுவர அங்கே படி உயரத்தை ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் ஆக்க வேண்டும். பெரிய ஸ்டேடியங்களின் கேலரி மேலே போகப் போகச் செங்குத்தாகத் தெரிவது இதனால்தான். ஆனால் 34, 35 டிகிரிக்கு மேல் சாய்வு போனால் இறங்குகிறவருக்குத் தலை சுற்றும்.

கவனப் புள்ளியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் ஒரு தந்திரம் உண்டு. மைதானத்தின் நடுவில் வைத்தால் எந்தக் கேலரிக்கும் சி அழகாக வரும். பார்வையாளருக்கு மிக அருகில் உள்ள ஓடுபாதையிலோ எல்லைக்கோட்டிலோ வைத்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சக்கர நாற்காலிக்கான இடத்தை முன்வரிசைக்கும் முன்னால், வெயிலில் தனியாக ஒதுக்குவது சட்டத்துக்குக் கணக்குக் காட்டத்தான் உதவும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று கத்தும்போதும் அவருக்குத் தெரிய வேண்டும். கூட வந்தவருக்குப் பக்கத்தில் இருக்கையும் வேண்டும். அதேபோல, ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து குதித்தால் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை தரையை அடிக்கிறார்கள். கேலரியின் இயல்பு அதிர்வு (தானாக அதிரும் வேகம்) அதற்கும் அதன் இருமடங்குக்கும் பக்கத்தில் வராமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்க வேண்டும். அவருக்கு இது தெரியும், ஆனால் கேட்டால்தான் செய்வார்.

படி 7: வெளியே போகும் வழி

1971 ஜனவரி 2, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் ஸ்டேடியம். ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கிய ஒரே படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் பிரிட்டனில் 'கிரீன் கைடு' என்ற பாதுகாப்பு வழிகாட்டி 1973-ல் வந்தது. அது இருந்தும் 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் கம்பிவேலிக்குள் சிக்கி 97 பேர் இறந்தார்கள். ஸ்டேடியம் வடிவமைக்க வருகிறவர் முகப்புப் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு விபத்துகளைப் பற்றியும் படித்துவிட வேண்டும்.

கிரீன் கைடின் கணக்கு எளிது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். எல்லோரும் எட்டு நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். 10,000 பேர் என்றால் 10,000 ÷ (66 × 8), ஏறக்குறைய 19 மீட்டர் படிக்கட்டு அகலம். 2 மீட்டர் படிக்கட்டுகளாகப் பிரித்தால் பத்து. ஒன்று ஏதோ காரணத்தால் அடைபட்டால்? ஆகவே பதினொன்று. நம் நேஷனல் பில்டிங் கோடின் (தேசியக் கட்டட விதித்தொகுப்பு) நான்காம் பகுதி வேறு முறையில் கணக்கிடும், இதைவிடக் கூடுதல் அகலம் கேட்கும். இரண்டையும் போட்டு, எது பெரிதோ அதை வரையுங்கள். தீயணைப்புத் துறை உங்களிடம் கேட்பது நம் விதித்தொகுப்பின் கணக்கைத்தான்.

கணக்கு கேட்டோடு முடிவதில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 11 பேர் இறந்தது உள்ளே கேலரியில் அல்ல, வாசல்களுக்கு வெளியே. கேட்டுக்கும் சாலைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, டிக்கெட் இல்லாதவர் கூட்டம் எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று தள வரைபடத்தில் காட்டுங்கள். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே பூட்டை எல்லாம் திறந்து, ஒவ்வொரு கேட்டிலும் ஆள் நிற்க வேண்டும். கடைசி இரண்டும் வடிவமைப்பாளர் கையில் இல்லைதான். அதனால் ஒப்படைப்புக் கையேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

படி 8: உள்விளையாட்டு அரங்கு

முதல் வேலையாகப் பெரும்பாலும் இதுதான் வரும். பேட்மிண்டன் கோர்ட் 13.40க்கு 6.10 மீட்டர், கோர்ட்டுக்கு மேலே குறைந்தது 9 மீட்டர் தடையில்லாத உயரம், பெரிய சர்வதேசப் போட்டிக்கு 12. இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம். சீலிங் ஃபேன், ஏ.சி. காற்று, திறந்த ஜன்னல் எதுவும் அதை இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர் வெயிலில் காற்றே இல்லாமலும் முடியாது. தரையருகே நீளமான காற்றுத் துளைகளைத் தடுப்போடு வைத்து, கூரை உச்சியில் சூடான காற்று வெளியேற வழி வைப்பதுதான் எனக்குப் பலித்தது. விளக்கைக் கோர்ட்டுக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள், பக்கவாட்டில். கோர்ட்டின் இரு முனைச் சுவரிலும் ஜன்னல் வேண்டாம். கடலோர ஊரில் மரத்தளம் போடும் முன் ஈரப்பதத்தை யோசியுங்கள்.

படி 9: கூரை, விளக்கு, கழிவறை

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். காற்றழுத்தக் கணக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது, சென்னைக் கடற்கரையில் புயலும் இருக்கிறது. தூண்களைப் பற்றி மட்டும்: சேப்பாக்கத்தின் பழைய கேலரிகளில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கிரிக்கெட் 'கேட்டவர்கள்' இன்னும் இருக்கிறார்கள். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுக்கேலரி கட்டியபோது தூண் மறைக்காத துணிக்கூரையும், நடுநடுவே கடற்காற்று வர இடைவெளியும் வைத்தார்கள். பார்த்துவிட்டு வாருங்கள்.

விளக்கில், கால்பந்துப் பயிற்சிக்கு 75 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும், உள்ளூர்ப் போட்டிக்கு 200, பெரிய போட்டிக்கு 500. டி.வி. ஒளிபரப்பு என்றால் கணக்கே வேறு. மாதக் கடைசியில் கரண்ட் பில் கட்டுகிறவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பயிற்சிக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் பாதி விளக்கு மட்டும் எரியும்.

கழிவறையைப் பெண்கள் பக்கத்திலிருந்து கணக்கிடுங்கள். வீராங்கனைகளின் உடைமாற்றும் அறைக்கு மைதானத்திலிருந்து நேராக வழி இருக்க வேண்டும். ஆண்கள் அறையைத் தாண்டிப் போகிற மாதிரி வரைந்த வளாகங்கள் ஏராளம்.

படி 10: அனுமதி

சென்னைக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், தீயணைப்பு, மின்சாரம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சேப்பாக்கமே பாடம். மேலே சொன்ன அதே புதுக்கேலரிகளில் ஐ, ஜே, கே மூன்றும் அனுமதிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. மற்ற கேலரிகளில் கூட்டம் ஆர்ப்பரிக்க, இந்த மூன்றும் டி.வி.யில் காலியாகத் தெரியும். பக்கத்துக் கட்டடத்துக்கும் உங்கள் கேலரிக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்பதை முதல் ஸ்கெட்ச்சிலேயே எழுதுங்கள்.

படி 11: கட்டணம், டெண்டர்

கட்டடக்கலை மன்றம் வேலையை ஏழு கட்டமாகப் பிரிக்கிறது: கருத்துரு, முதற்கட்ட வடிவமைப்பு, அனுமதி வரைபடம், செயல் வரைபடமும் டெண்டர் ஆவணமும், கான்ட்ராக்டர் நியமனம், கட்டுமானம், நிறைவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் எப்போது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நில அளவை, மண் பரிசோதனை, ஆய்வகச் சோதனை உங்கள் கட்டணத்துக்குள் வராது என்று தனியே எழுதுங்கள். எத்தனை முறை தளத்துக்கு வருவீர்கள் என்பதையும். விளையாட்டு வளாகத்தில் நிறைய முறை போக வேண்டியிருக்கும். வீட்டு வேலைக் கணக்கில் ஒப்புக்கொண்டு முதல் இரண்டு வேலையில் கைக்காசு போட்டேன்.

அரசு வேலை 1998-ன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்கும். சிந்தெடிக் பரப்புக்கு விலை மட்டும் பார்த்துக் குறைந்தவருக்குக் கொடுத்தால் சரக்கு எங்கிருந்து வருமோ தெரியாது. பொருளுக்கு உலகத் தடகள அமைப்பின் சான்று, முன்பு அமைத்த டிராக்குகள், ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று தகுதி நிபந்தனைகளைக் கறாராக வையுங்கள். டிராக்குக்குக் கிளாஸ் 2 சான்றா, கிளாஸ் 1 சான்றா என்பதும் டெண்டரில் இருக்க வேண்டும். கிளாஸ் 2 என்றால் அளவுகள் சரியா என்ற அறிக்கை போதும். கிளாஸ் 1 என்றால் போட்ட பரப்பையே தளத்தில் சோதிப்பார்கள், அதிர்ச்சி தாங்கும் திறன் 35-லிருந்து 50 சதவீதத்துக்குள் வர வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கிளாஸ் 2 போதும்.

படி 12: ஒப்படைப்பு

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் லாரித் தண்ணீர் கொண்டுவந்து டிராக் முழுக்க நனையுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். அப்புறம் பரப்பின் சொரசொரப்புக்கு மேல் தண்ணீர் எங்கும் நிற்கக் கூடாது. இது உலகத் தடகள அமைப்பின் விதி. நிற்கும் இடங்களைச் சாக்பீஸில் வட்டமிட்டுப் படமெடுத்து, கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் கான்ட்ராக்டரிடம் சரிசெய்து வாங்குங்கள். வடிகால் வரைபடம், விளக்குகளின் கோண அட்டவணை, பரப்பைக் கழுவும் முறை, வண்டி ஏறக் கூடாது என்ற எச்சரிக்கை, இதெல்லாம் சேர்ந்த ஒரு கோப்பைத் தமிழில் தயாரித்து நிர்வாகத்திடம் ஒன்றும் மைதானக் காவலரிடம் ஒன்றும் கொடுங்கள். ஷாமியானா கம்பத்தை டிராக்கில் அடிக்காமல் தடுக்கப் போகிறவர் அவர்தான்.

முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், யாரும் கூப்பிடாவிட்டாலும், ஒரு காலை போய்ப் பாருங்கள். ஐந்தரை மணிக்கு. ஓடுகிறவர்கள் எந்த இடத்தில் லேன் மாறி விலகி ஓடுகிறார்கள் என்று நின்று கவனியுங்கள். அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.